பாட்டு கேட்கிற பிள்ளை படிக்காதா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். எந்நேரமும் பாட்டு, பாட்டுப் போட்டி நிகழ்ச்சி, போன். "அடுத்த வருஷம் நானும் ஆடிஷனுக்குப் போவேன்" என்கிறாள். அப்பா கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் வீட்டோடு இருந்தபோது இதையெல்லாம் பார்த்துவிட்டு, கேபிளை வெட்டு, போனைப் பிடுங்கு என்று சத்தம் போட்டிருக்கிறார். சினிமா பாட்டும் டிவியும் பிள்ளைகளைக் கெடுக்கிறதா, அந்தக் காலப் பாட்டு மாதிரி இப்போது வருவதில்லையா, போட்டிக்கு அனுப்பலாமா, "டீச்சர், நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, ரொம்ப காலம் இந்தக் கரைப் பள்ளிக்கூடங்களில் தமிழ் நடத்தியவள் நான், பாட்டு என்றால் எனக்கும் உயிர். அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிளை வெட்ட வேண்டாம். ஆடிஷனுக்கு அடுத்த வருஷம் வேண்டாம். பாட்டை யாரிடமாவது ஒழுங்காகக் கற்றுக்கொள்ள இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் இந்த வெட்டுகிற யோசனை. இது நம் வீட்டு அப்பாக்களுக்கு மட்டும் வந்த யோசனை இல்லை, டெல்லியில் ஒரு மத்திய மந்திரிக்கே வந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்த பி.வி. கேஸ்கர், சினிமா பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவு செய்து ஆல் இந்தியா ரேடியோவில் அதற்கான நேரத்தைக் குறைத்தார். சினிமாக்காரர்களும் கோபித்துக்கொண்டு பாட்டு உரிமையைத் திரும்ப வாங்கிக்கொள்ள, நம் வானொலியில் சினிமா பாட்டே கிட்டத்தட்ட நின்றுபோனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? சாஸ்திரிய சங்கீதம் கேட்க உட்கார்ந்துவிடவில்லை, முள்ளைத் திருப்பி சிலோன் வைத்தார்கள். இலங்கை வானொலி இந்தியா முழுக்கப் பேர் வாங்கியது அப்போதுதான். கடைசியில் அரசாங்கமே 1957 அக்டோபரில் விவித் பாரதி என்று ஒன்றை ஆரம்பித்து அதில் சினிமா பாட்டு போட வேண்டி வந்தது. ஒரு நாட்டு அரசாங்கத்தாலேயே ஐந்து வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாத தடையை நம் வீட்டில் போட்டு என்ன ஆகப்போகிறது? பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்கும், உங்களிடம் சொல்லாமல் கேட்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதிலும் நம் கரையில் சிலோன் என்பது பக்கத்து வீடு மாதிரிதான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். மத்திய அலை ஒலிபரப்பு தரைமேல் போவதைவிட உப்புத் தண்ணீர்மேல் நன்றாகப் போகும், நடுவில் மலை கிடையாது, மரம் கிடையாது, அதனால் அந்த நாளில் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கமெல்லாம் திருச்சி வானொலியைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும். காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' பாட்டு நிகழ்ச்சியைப் போடாத டீக்கடை அப்போது கிடையாது. 1982இல் ரூபவாகினி என்கிற இலங்கைத் தொலைக்காட்சி வந்தபோது அதையும் பிடிக்க உயர உயரமாக ஆன்டெனா கட்டினார்கள். பிறகு நம் ராமேஸ்வரத்திலேயே 323 மீட்டருக்கு தூர்தர்ஷன் கோபுரம் எழும்பியது வேறு கதை. நான் சொல்ல வருவது, இந்த ஊர்ப் பிள்ளைகள் மூன்று தலைமுறையாக அலைவரிசை பிடித்தே வளர்ந்தவர்கள். அந்தத் தலைமுறைகளில் படித்தவர்களும் உண்டு, படிக்காதவர்களும் உண்டு, பாட்டு கேட்டதால் யாரும் படிக்காமல் போனதாக நான் பார்த்ததில்லை. கூலிக்குப் போனதால், கல்யாணம் பண்ணி வைத்ததால், அப்பா கடலில் போனதால் படிப்பை விட்டவர்களைத்தான் நிறைய பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு அவர்கள் கேட்ட விதம் வேறு, அதில்தான் விஷயம் இருக்கிறது. இலங்கை வானொலியில் ஒரு பாட்டு போடுவதற்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். கே.எஸ். ராஜா சொல்கிற வேகமும், பி.எச். அப்துல் ஹமீது ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி உச்சரிக்கிற அழகும், அவர்கள் சொல்கிற லகரம், ளகரம், ழகரத்தைக் கேட்டுத்தான் எங்கள் வயதில் பாதிப்பேருக்கு நாக்கு திருந்தியது. எட்டாம் வகுப்பு தாண்டாத ஒரு பெரியவர் கண்ணதாசன் பாட்டு எது, மருதகாசி பாட்டு எது என்று முதல் வரியிலேயே சொல்வதை நான் மண்டபத்தில் கேட்டிருக்கிறேன். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' வானொலியில் தொடங்கி, பிற்பாடு சன் டிவிக்கு வந்து தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஒரு எழுத்தைச் சொன்னால் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். மெட்டு தெரிந்தால் போதாது, வார்த்தை தெரிய வேண்டும். அது விளையாட்டுதான், ஆனால் அதைவிட நல்ல தமிழ்ப் பாடம் எந்தச் சேனலிலும் அதற்குப் பிறகு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது என்ன நடக்கிறது? பிள்ளைக்கு ஒரு பாட்டில் முப்பது வினாடி தெரியும். ரீல்ஸில் எந்த இடம் ஓடுகிறதோ அந்த இடம் மட்டும் தெரியும். அதையே நூறு தடவை கேட்டிருக்கும், ஆனால் சரணம் என்ன என்று கேட்டால் முழிக்கும், யார் எழுதியது என்று கேட்டால் ஹீரோ பேரைச் சொல்லும். எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது இதுதான், பாட்டு கேட்பது இல்லை. பல்லவி ஒரு ஆசையைச் சொன்னால் சரணம் அதற்குக் காரணம் சொல்லும், இரண்டாம் சரணம் வேறு ஒரு கோணத்துக்குப் போகும். இப்படி ஒரு எண்ணத்தை நாலு நிமிஷம் பின்தொடர்கிற பழக்கம்தான் ஒரு பாடத்தை நாற்பது நிமிஷம் பின்தொடர்வதற்கும் வேண்டும். முப்பது வினாடியிலேயே விரலைத் தள்ளிப் பழகிய பிள்ளைக்கு வகுப்பில் உட்காருவது கஷ்டமாகத்தான் இருக்கும். ஆகவே மகளிடம் பாட்டு கேட்காதே என்று சொல்லாதீர்கள், முழுப் பாட்டாகக் கேள் என்று சொல்லுங்கள். பிடித்த பாட்டை ஒரு நோட்டில் அடிபிசகாமல் எழுதச் சொல்லுங்கள், எழுதியவர் பெயரோடு. எழுதும்போதுதான் தெரியும், இத்தனை நாள் தப்பான வார்த்தையைப் பாடிக்கொண்டிருந்தோம் என்று.

அந்தக் காலப் பாட்டு, இந்தக் காலப் பாட்டு சண்டையில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. அறுபதுகளில் வந்த படங்களில் மட்டமான பாட்டும் ஏராளம், அவை வடிகட்டிப் போய்விட்டன, நல்லது மட்டும் தங்கிவிட்டது, அதை வைத்து இன்றைக்கு இந்த வெள்ளிக்கிழமை வந்த எல்லாவற்றோடும் ஒப்பிடுவது நியாயம் இல்லை. இப்போது எழுதுகிறவர்களிலும் கூர்மையானவர்கள் இருக்கிறார்கள். என் ஒரே குறை, வாத்தியச் சத்தத்தை வார்த்தைக்கு மேலே தூக்கி வைத்துவிடுகிறார்கள், அப்புறம் தமிழ் தெரியாத பாடகர் வேறு மொழி எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கும்போது 'பழம்' என்பது 'பலம்' ஆகிவிடுகிறது. அதைக் கேட்டு வளர்கிற பிள்ளை அப்படியே பேசுகிறது. மண்டபத்து இலங்கைத் தமிழர் அகதி முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள், அவர்கள் வாசிக்க எழுந்தால் வகுப்பே கேட்கும், அவ்வளவு சுத்தமாக இருக்கும். இதை நான் மற்றப் பிள்ளைகளைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, காது என்ன கேட்கிறதோ அதைத்தான் வாய் திருப்பித் தரும்.

சரி, டிவிக்கு வருவோம். உங்களிடம் ஒன்று நேரடியாகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து மணி வரை உங்கள் வீட்டில் ஓடுவது யாருடைய நிகழ்ச்சி? நம் பக்கத்து வீடுகளில் முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி. அந்த முன்னறையில்தான் டிவி, அந்த முன்னறையில்தான் பிள்ளையின் புத்தகம். மாமியார் சீரியல், மாமனார் செய்தி விவாதம் என்று மூன்றரை மணி நேரம் சத்தம். மகளின் பாட்டுப் போட்டி சனி, ஞாயிறு மட்டும்தான் வருகிறது. அதை நிறுத்திவிட்டு மற்றதை அப்படியே விட்டால் படிப்புக்கு ஒன்றும் கூடாது. பிள்ளைக்கு ஏழிலிருந்து ஒன்பது வரை அந்த அறை அமைதியாக வேண்டும். வீட்டில் பெரியவர்கள் சேர்ந்து முடிவெடுத்தால் முடிகிற காரியம்தான் இது. நான் சொல்லிக் கேட்ட வீடுகளும் உண்டு, சீரியலை மறுநாள் போனில் பார்த்துக்கொள்கிறார்கள்.

காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படிக்கலாமா என்று மகள் கேட்பாள். கணக்கு போடும்போது, படம் வரையும்போது மெதுவாக ஒலித்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் வாசிக்கும்போதும் மனப்பாடம் செய்யும்போதும் வார்த்தை உள்ள பாட்டு ஆகவே ஆகாது. புத்தகத்தில் இருக்கிற வார்த்தையும் காதில் விழுகிற வார்த்தையும் ஒன்றோடொன்று மோதும், இரண்டுமே தங்காது.

கல்வித் தொலைக்காட்சி பார்க்கச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கியது, கொரோனா சமயத்தில் போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய கைத்துணை. புரியாத ஒரு பாடத்தை இன்னொரு வாத்தியார் எப்படி நடத்துகிறார் என்று பார்க்க நல்லது. ஆனால் திரும்பக் கேள்வி கேட்க முடியாதது எதுவும் வகுப்பாகாது, அதைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி போட்டி நிகழ்ச்சிகள். இதைப் பற்றி எனக்கு நிறைய சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இந்த ஆசை உங்கள் மகளுக்கு மட்டும் இல்லை, கடற்கரையோரம் பாடத் தெரிந்த எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது. விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் 2006இல் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் சன் டிவியில் ஏ.வி. ரமணன் நடத்திய சப்த ஸ்வரங்கள் இருந்தது, இப்போது ஜீ தமிழில் சரிகமப. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாத்தியக்காரர்கள் மேடையில் உட்கார்ந்து நேரில் வாசிப்பதை நம் பிள்ளைகள் பார்த்தது இவற்றில்தான். சுருதி விலகியது, தாளம் தள்ளியது, இந்த சங்கதி விழவில்லை என்று நடுவர்கள் சொல்லச் சொல்ல, சங்கீதமே தெரியாத வீடுகளில்கூட இந்த வார்த்தைகள் புழங்க ஆரம்பித்தன. கூலி வேலைக்குப் போகிறவரின் மகன் மேடையேறிப் பாடி ஊரே கைதட்டியதும் நடந்திருக்கிறது. அதெல்லாம் சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் அந்த நிகழ்ச்சி சொல்லிக்கொடுப்பது என்ன? ஏற்கெனவே ஒருவர் பாடிய பாட்டை அவர் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, அவர் குழைந்த இடத்தில் குழைந்து அப்படியே நகல் எடுக்க வேண்டும். நகல் எவ்வளவு கச்சிதமோ அவ்வளவு மார்க். அந்தப் பாடகரோ ஒலிப்பதிவுக் கூடத்தில் வரிவரியாகப் பாடி, பிடிக்காததை அழித்து, திரும்பப் பாடி ஒட்டிய வசதியோடு பாடியிருப்பார். உங்கள் மகள் அதை ஒரே மூச்சில் நின்றுகொண்டு பாடப் பார்க்கிறாள், வரவில்லை என்றால் தன் குரலில் குறை என்று நினைக்கிறாள். அது தப்பு. பதினாறு வயதில் குரல் இன்னும் நிலைப்படாத நேரம், அதில் போய்த் தொண்டையைக் கிழித்துக் கத்திப் பழகினால் கரகரப்பு நின்றுவிடும்.

இன்னொன்று, அழுகை. எந்தப் பிள்ளை பாட வந்தாலும் முதலில் அதன் வீட்டுக் கஷ்டத்தைக் காட்டுகிறார்கள். மீனவர் வீடு என்றால் உடனே படகு, கடல், அம்மா கண்ணைத் துடைப்பது, பின்னால் வயலின். நம் பிள்ளைக்கு அப்பாவின் உழைப்பு பெருமையான விஷயம். அதை நாலு பேர் இரக்கப்படுகிற விஷயமாக மாற்றிக் காட்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை. நன்றாகப் பாடினால் நன்றாகப் பாடினாய் என்று சொல்லட்டும், ஏழையாக இருந்தும் பாடினாய் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? சினிமாக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். நம் கரையென்றால் சாவு, சண்டை, கருவாடு, மணல் தவிர வேறு ஒன்றும் இல்லாததுபோல. சினிமாவிலாவது நடிகர்கள் நடிக்கிறார்கள், இங்கே நிஜப் பிள்ளையின் நிஜ அம்மாவை உட்காரவைத்து அழவிடுகிறார்கள்.

சின்னப் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோருக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. பதினாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் டிவியில் பங்கெடுப்பதற்குச் சட்டம் இருக்கிறது, 2017இல் வந்த விதிகள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, ஓய்வு தராமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது, பிள்ளை சம்பாதிக்கிற பணத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரிலேயே வங்கியில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும், நிகழ்ச்சி தயாரிக்கிறவர்கள் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி வாங்க வேண்டும். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் மகள் வயது தாண்டிவிட்டாள், ஆனால் ஆடிஷனில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் வயது எதுவானாலும் அந்த வாசலிலிருந்து திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்த வருஷம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு பிளஸ் டூ மட்டும் காரணம் இல்லை. தோற்றால் தாங்குகிற அளவுக்கு அவளிடம் இன்னும் பாட்டு சேரவில்லை. பாட்டைத் தனக்காகப் பாடி, கோயில் திருவிழாவில், பள்ளியில், ஊரில் நாலு பேர் முன்னால் பாடி, ஒரு குருவிடம் திட்டு வாங்கி, இப்படி ஒரு அடித்தளம் இருக்கிற பிள்ளை ஆடிஷனில் வெளியே வந்தாலும் மறுநாள் காலை உட்கார்ந்து பாடும். அந்த அடித்தளம் இல்லாத பிள்ளை பாட்டையே விட்டுவிடும், அப்படி விட்டவர்களை எனக்குத் தெரியும்.

கலாம் டிவியா பார்த்தார், பாட்டா கேட்டார் என்று மகளின் அப்பா, நம் அண்ணன், கேட்பார், இந்த ஊரில் எல்லா அப்பாவும் கேட்கிற கேள்வி அது. பேப்பர் போட்டார், ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் படித்தார், எல்லாம் சரி. அவர் வீணை வாசிப்பார், கவிதை எழுதுவார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணனிடம்.

வறண்ட ஜில்லா, இங்கே என்ன சங்கீதம் என்று நம் ஆட்களே பேசுகிறார்கள், அதைக் கேட்டால் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். ராமநாதபுரத்து ராஜாக்களான சேதுபதிகள் சங்கீதத்தை ஆதரித்த சமஸ்தானம் இது. பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் இந்த ஊர் வித்வான். இன்றைக்குக் கச்சேரி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்தவர் என்று சொல்கிறார்களே, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், அவருக்கு குரு இந்தப் பூச்சி ஐயங்கார்தான். மிருதங்கத்தில் ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி, அவருடைய அண்ணன் சங்கரசிவம், அவரிடம் படித்த மதுரை டி.என். சேஷகோபாலன் என்று அந்த வரிசை நீளம். இன்னொரு பக்கம் நாகூர் ஹனிபா. நாகூர் என்று பேர் இருந்தாலும் பிறந்தது 1925இல் ராமநாதபுரத்தில். கீழக்கரையில் ஒலித்தாலும் தங்கச்சிமடத்தில் ஒலித்தாலும் அந்தக் குரலுக்கு எந்த மதத்து வீட்டிலும் வேலை நின்றுவிடும். இதையெல்லாம் நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்து நான் பார்த்ததில்லை, படித்தால்தானே தன் ஊரில் பாட்டு இருந்தது என்று தெரியும்?

பள்ளிக்கூடம் பாட்டை எப்படிப் பார்க்கிறது என்பதிலும் எனக்கு வருத்தம் உண்டு. இசை ஆசிரியர் இல்லாத பள்ளிகள்தான் அதிகம். 2012இல் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களைப் போட்டார்கள், ஐயாயிரம் ரூபாய் சம்பளத்தில், அதில் குடும்பம் நடத்த முடியுமா என்று நீங்களே சொல்லுங்கள். இருக்கிற பாட்டு பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிவிடுவார். 2022-23இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக. இது உருப்படியான ஏற்பாடு, உங்கள் மகள் அரசுப் பள்ளி என்றால் முதலில் இதில் பேர் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் வருஷத்தில் ஒரு தடவை போட்டி வைத்துவிட்டு மற்ற நாளெல்லாம் பாடாதே, படி என்றால் அது எப்படி?

பாட்டும் படிப்பும் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் என் வகுப்பிலேயே பார்த்ததுதான். மனப்பாடச் செய்யுள் என்றாலே தலையைக் குனிந்துகொள்கிற ஒரு பையன், பத்தாம் வகுப்பு. ஏழு சீர் குறள் வராது. கரைவலை இழுக்கிற குடும்பம். உங்க அப்பா இழுக்கும்போது என்னடா பாடுவாங்க என்று கேட்டேன். கூச்சப்பட்டான், சினிமா பாட்டு வேணா பாடுறேன் டீச்சர் என்றான். விடாமல் கேட்டதும் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, அம்பாப் பாட்டு ஒரு அடி எடுத்தான், பின்பெஞ்சில் இரண்டு பேர் தானாகவே ஏலேலோ போட்டார்கள். அந்த இழுப்பிலேயே குறளைச் சொல் என்றேன். முதல் அடி நாலு சீர், நாலு இழுப்பு. இரண்டாவது அடி மூன்று சீர், மூன்று இழுப்பு, அப்புறம் ஒரு இடம் காலியாக நிற்கிறது. அவன் அந்தக் காலி இடத்தில் நிறுத்தவில்லை, பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டு அடுத்த குறளுக்குப் போய்விட்டான். கயிற்றில் கை மாற்றுகிற இடம் அது. ஈற்றடி ஏன் முச்சீரில் முடிகிறது என்று எத்தனையோ தடவை பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன், அவன் கைக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த வாரம் பத்துக் குறளும் வந்தது. பரீட்சைக்கும் வந்தது.

'சிந்து பைரவி' படம் 1985இல் வந்தது, அதில் 'பாடறியேன்' என்று சித்ரா பாடிய பாட்டு. தெம்மாங்காகத் தொடங்கும், கேட்டுக்கொண்டே இருக்கும்போது சாரமதி ராகத்தில் தியாகராஜ கீர்த்தனையில் போய் நிற்கும், எங்கே மாறியது என்றே தெரியாது. சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த பாட்டு. மகளை உட்காரவைத்து அந்தப் பாட்டை முழுதாகக் கேட்கச் சொல்லுங்கள், எந்த இடத்தில் மாறுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சினிமா பாட்டு என்பது கீழான சரக்கு, கச்சேரிதான் சங்கீதம் என்று யாராவது அவளிடம் சொன்னால் அதற்குப் பதில் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். ராமநாதபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு, 12 முதல் 25 வயது வரை சேரலாம், குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதம் என்று எல்லாம் உண்டு. கட்டணம் தனியார் வகுப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு அதில் சேரலாம், அதற்கு மேல் போக மதுரை, திருவையாறு, சென்னை, கோவையில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. பாட்டைப் படித்து வேலைக்கும் போகலாம் என்பதை அண்ணனிடம் சொல்லுங்கள், அவருக்கு அதுதான் கவலை என்று எனக்குப் படுகிறது. சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஜவகர் சிறுவர் மன்றம் விசாரியுங்கள், சனி, ஞாயிறு வகுப்பு, 16 வயது வரை. பாம்பனில் கடல் ஓசை 90.4 வானொலி இருக்கிறதே, 2016 ஆகஸ்ட் 15இல் மீனவ ஜனங்களுக்கென்றே ஆரம்பித்தது, காற்று, அலை நிலவரத்தோடு பாட்டும் போடுகிறார்கள். உள்ளூர்க் குரல்களுக்கு வாய்ப்பு உண்டா என்று ஒரு நாள் நேரில் போய்க் கேளுங்கள். மைக் முன்னால் முதலில் நிற்க அதைவிட நல்ல இடம் இல்லை. தேவாலயப் பாடகர் குழுவில் அவள் இருக்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை, இல்லையென்றால் இந்த ஞாயிறே சேர்த்துவிடுங்கள். பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுகிற பழக்கம் தனியாகப் பாடி வராது.

குரு கிடைக்கும் வரை வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹார்மோனியம் வாங்க வேண்டாம், போனிலேயே சுருதிப் பெட்டி செயலி இலவசமாகக் கிடைக்கும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று அளப்பார்கள், பெண் குரலுக்குப் பொதுவாக நாலரைக் கட்டையிலிருந்து ஐந்தரைக் கட்டைக்குள் அமையும். அதில் எது தொண்டையை இறுக்காமல் வருகிறதோ அதை வைத்துக்கொண்டு காலையில் பல் விளக்கியதும் கால் மணி நேரம் சரளி வரிசை பாடட்டும், அதாவது சங்கீதம் தொடங்குகிறவர்களுக்கான முதல் சுரப் பயிற்சி, மாயாமாளவகௌளை ராகத்தில். சினிமா பாட்டையும் அந்தச் சுருதிக்கு இறக்கிப் பாடட்டும், கேசட்டில் இருக்கிற உயரத்தில் பாட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. தொண்டை கரகரத்தால் இரண்டு நாள் பாடவே வேண்டாம், வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.